உணவின் வேளை அறிந்து ஊர் பார்த்தல்: ஆசிய நகரங்களில் அரைநாள் உலாவைத் திட்டமிடும் முறை

ஆசிய நகரம் ஒன்றுக்குப் பயணம் செல்பவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் பட்டியலிட்டு, அவற்றை நாள்வாரியாகப் பிரித்து, கடைசியில் மிஞ்சும் இடைவெளிகளில் சாப்பாட்டைப் பொருத்துகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோயிலும் ஏரியும் நாள் முழுவதும் அங்கேயேதான் இருக்கும். ஹனோய் நடைபாதையில் விடியற்காலையில் கொதிக்கத் தொடங்கிய, ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப்பின் அண்டாவோ, வெயில் ஏறுவதற்குள் அடி தெரியும் அளவுக்கு வற்றிவிடும். ஆகவே அன்றைக்கு எதைச் சாப்பிடப் போகிறோம், அது எந்த வேளையில் கிடைக்கும் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதே வட்டாரத்தில் நடந்து சென்று பார்க்கக்கூடிய ஓர் இடத்தை அதனுடன் சேர்த்தால், அரைநாளுக்குப் போதுமான உலா தானாகவே உருவாகிவிடும்.

ஒவ்வோர் உணவுக்கும் ஒரு வேளை

இட்லிக்குக் காலையும் பரோட்டாவுக்கு இரவும் உரியவையாக நமக்கு இருப்பதைப் போலவே, ஆசியாவின் தெருவோர உணவுகளுக்கும் தத்தமக்கென்று வேளைகள் உண்டு. ஹனோயில் ஃபோ காலை உணவு. கரியில் சுட்ட பன்றி இறைச்சியையும் அரிசிச் சேமியாவையும் கீரை வகைகளுடன் சேர்த்துத் தரும் புன் சா நண்பகல் உணவு. ஹாங்காங்கில் டிம் சம் எனப்படும் சிறு பலகாரங்கள் தேநீருடன் காலையிலிருந்து பிற்பகல் வரை உண்ணப்படுபவை. தைப்பேயின் இரவுச் சந்தைகள் மாலை ஐந்து மணிக்குமேல்தான் உயிர்பெறுகின்றன. சிங்கப்பூரின் லாவ் பா சாட் சந்தைக் கட்டடத்தை ஒட்டிய தெரு, வார நாட்களில் மாலை ஏழு மணியளவில் போக்குவரத்துக்கு மூடப்பட்ட பின்னர்தான் குச்சியில் செருகிய இறைச்சியான சாத்தேயைச் சுடும் கடைகளால் நிரம்புகிறது. தோக்கியோவின் சுகிஜி வெளிச் சந்தையில் பெரும்பாலான கடைகள் பிற்பகல் இரண்டு மணிக்குள் மூடிவிடும். மொத்த வியாபாரம் நடந்த உட்சந்தை 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்றாலும், சிறு கடைகளும் உணவகங்களும் நிறைந்த வெளிச் சந்தை பழைய இடத்திலேயே தொடர்கிறது. நான் அங்கு முதன்முறை சென்றபோது அருங்காட்சியகம் ஒன்றில் காலைப் பொழுதைச் செலவிட்டுவிட்டு மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவப்பட்ட தரைகளையும் இறக்கப்பட்ட கதவுகளையும் மட்டுமே கண்டேன். வேளையை முதலில் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

வேளையுடன் விடுமுறை நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுகிஜியில் புதன்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பல கடைகள் திறப்பதில்லை. பாங்காக்கின் நடைபாதைக் கடைக்காரர்களில் பலர் திங்கட்கிழமை ஓய்வெடுப்பார்கள். சீனப் புத்தாண்டும் வியட்நாமின் புத்தாண்டான தெத் பண்டிகையும் வரும் வாரத்தில் பல குடும்பக் கடைகள் தொடர்ந்து சில நாட்கள் மூடியிருக்கும் என்பதால், அந்த நாட்களில் பயணம் அமைந்துவிட்டால் உணவை நம்பி உலாவைத் திட்டமிடாமல், அலங்காரங்களையும் கோயில் வழிபாடுகளையும் பார்ப்பதற்கென்று திட்டமிடுவது ஏமாற்றத்தைத் தவிர்க்கும். ரமலான் மாதம் மலேசியாவில் இதற்கு நேர்மாறான வாய்ப்பைத் தருகிறது: பகலில் முஸ்லிம் உணவுக் கடைகள் பல மூடியிருந்தாலும், நோன்பு துறக்கும் நேரத்தை முன்னிட்டுப் பிற்பகலில் தொடங்கும் ரமலான் சந்தைகளில் ஆண்டின் பிற மாதங்களில் எளிதில் கிடைக்காத பலகாரங்களைக் காணலாம்.

நடந்து சேரும் தூரத்தில் ஒரே ஓர் இடம்

உணவு முடிவான பிறகு, அங்கிருந்து இருபது நிமிட நடைக்குள் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அதற்கு அப்பால் இருப்பதை இன்னொரு நாளுக்கு ஒதுக்குங்கள். அரைநாளில் நகரின் இரு முனைகளைத் தொட முயல்பவர்கள் அந்தப் பொழுதின் பெரும்பகுதியைப் போக்குவரத்து நெரிசலில் கழிக்கிறார்கள், களைத்துப்போன நிலையில் சாப்பாட்டின் சுவையையும் இழக்கிறார்கள்.

சிங்கப்பூரின் சைனாடவுன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் ஹைனானியக் கோழிச் சோறு சாப்பிடுவது என்று முடிவெடுத்தால், சவுத் பிரிட்ஜ் சாலையில் சில நிமிட நடையில் 1827-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலையும், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலையும், 2007-இல் திறக்கப்பட்ட புத்தர் பல் ஆலயத்தையும் பார்க்கலாம். மாரியம்மன் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், பதினொரு மணியளவில் கோயிலை முடித்துவிட்டு உணவங்காடிக்கு வருவதே பொருத்தம். பன்னிரண்டு மணிக்கு அலுவலக ஊழியர்கள் கூடுவதற்குமுன் இடம் பிடிப்பதற்கும் அது உதவும்.

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுன் எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தமானது. நடந்து சுற்றுவதற்கென்றே அமைந்த நகரம் என்று அதைச் சொல்லத் தயங்கமாட்டேன். மலாக்காவுடன் சேர்த்து 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்நகரில், 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலிருந்து நடக்கத் தொடங்கினால், குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகிய மூன்றையும் அவசரமின்றி ஒரு மணி நேரத்துக்குள் கண்டுவிடலாம். நால்வேறு சமயங்களின் வழிபாட்டிடங்கள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த தெரு என்பதால் அதை நல்லிணக்கத் தெரு என்று அழைக்கிறார்கள். நடையின் முடிவில் சாப்பிட வேண்டியது நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் தூக்கிய தண்டின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, தெருத்தெருவாக விற்றதனால் இந்த உணவுக்கு அப்பெயர் வந்தது. மலாய் மொழியில் ‘கண்டார்’ என்பது அந்தக் காவடித் தண்டைக் குறிக்கும். சோற்றின்மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்வதே அங்கு முறை. மீன் குழம்பும் கோழிக் குழம்பும் ஒன்றாகக் கலப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். அந்தக் கலவைதான் நாசி கண்டாரின் உயிர். வெயில் தணிய தேங்காய்ப்பாலும் பனிச்சீவலும் சேர்ந்த செண்டோல் ஒரு கிண்ணமும், அந்தியில் பெரிய இரும்புச் சட்டியில் உயர்ந்த தீயில் புரட்டித் தரும் தட்டை அரிசி நூடுல்ஸான சார் குவே தியாவும் சாப்பிட்டால் அன்றைய நாளுக்கு வேறெதுவும் தேவைப்படாது.

சில இடங்களில் போக்குவரத்தையே உலாவின் பகுதியாக ஆக்கிக்கொள்ளலாம். சுகிஜியில் காலை உணவை முடித்துக்கொண்டு கால் மணி நேரம் நடந்தால் ஹமாரிக்யூ தோட்டம் வரும். குளத்தின் நடுவே உள்ள தேநீர் மண்டபத்தில் மாச்சா தேநீர் அருந்திவிட்டு, தோட்டத்திலிருந்தே புறப்படும் படகில் ஏறினால் சுமிதா ஆற்றின் பாலங்களுக்கு அடியில் சென்று அசாகுசாவில் இறங்கலாம். அங்கே சென்சோஜி கோயிலும், அதற்கு இட்டுச்செல்லும் நாகாமிசே கடைத்தெருவும் இருக்கின்றன. ஹாங்காங்கில் 1888 முதல் இயங்கும் ஸ்டார் ஃபெர்ரி படகும் 1904-இல் தொடங்கி இப்போது ஈரடுக்காக ஓடும் டிராமும் மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் காட்சிப் பயணங்கள். டிராமில் பின்வாசல் வழியாக ஏறி, இறங்கும்போது முன்வாசலில் கட்டணம் செலுத்த வேண்டும்.

பார்க்கும் இடத்தின் விடுமுறையை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். சியோலில் கியோங்போக்குங் அரண்மனை செவ்வாய்க்கிழமையும் சாங்தொக்குங் அரண்மனை திங்கட்கிழமையும் மூடப்படும். ஹனோயில் ஹோ சி மின் நினைவு மண்டபம் திங்கள், வெள்ளி தவிர்த்த நாட்களில், அதுவும் முற்பகலில் மட்டுமே திறந்திருக்கும். பாங்காக் அரண்மனைக்குள் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மறையும் ஆடை பெரும்பாலான வழிபாட்டிடங்களில் கட்டாயம் என்பதால், மெல்லிய துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் வாசலில் திரும்ப வேண்டிய நிலை வராது.

கடையின் முன் நின்ற பிறகு

நல்ல கடையை இனங்காண்பதற்கு, உள்ளூர் மக்கள் வரிசையில் நிற்கிறார்களா, உணவு நம் கண்முன்னே சூடாகிறதா, கடைக்காரர் ஒன்றிரண்டு வகைகளை மட்டுமே செய்கிறாரா என்ற மூன்றையும் பார்த்தால் போதும் என்பது என் அனுபவம். ஐம்பது வகை உணவுகளின் படங்களை வாசலில் ஒட்டிவைத்துக்கொண்டு கையைப் பிடித்து அழைக்கும் கடையைத் தாண்டிச் செல்லுங்கள். கூட்டமாகச் செல்பவர்கள் ஆளுக்கொரு தட்டு வாங்காமல், இருவருக்கு ஒரு தட்டு என்று வாங்கிப் பகிர்ந்துகொண்டால், ஒரே மாலையில் நான்கைந்து வகைகளைச் சுவைக்க முடியும். இரவுச் சந்தைகளில் முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வது பலரும் செய்யும் தவறு. தைப்பேயின் ராவோஹே சந்தை ஏறத்தாழ 600 மீட்டர் நீளமுடையது. அதன் ஒரு முனையில் சியோ (Ciyou) கோயிலும் சோங்ஷான் ரயில் நிலையமும் உள்ளன. முதலில் எதுவும் வாங்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது தேர்ந்தெடுத்து வாங்குவது நல்ல முறை.

உட்காருவதற்கும் எழுவதற்கும்கூட அந்தந்த ஊருக்கென்று ஒழுங்கு உண்டு. சிங்கப்பூர் உணவங்காடிகளில் மேசைமீது ஒரு சிறு காகிதத் துடைப்பான் பொட்டலம் இருந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை நகர்த்திவிட்டு உட்காருவது முறையன்று. சாப்பிட்டு முடித்ததும் தட்டை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது 2021 செப்டம்பர் முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படுகிறது. முதல் முறை எச்சரிக்கையும் அதற்குமேல் அபராதமும் உண்டு. இந்த உணவங்காடிப் பண்பாட்டையே யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது என்பதை நினைவில் கொண்டால், தட்டைத் திருப்பி வைப்பது ஒரு மரபில் பங்குகொள்வதாகவும் தோன்றும். ஹாங்காங்கில் முன்பின் அறியாதவர்களுடன் ஒரே மேசையில் அமர்வது இயல்பானது. தேநீர்க் கூஜாவின் மூடியைச் சற்றுத் திறந்துவைத்தால் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். ஜப்பானில் நடந்துகொண்டே சாப்பிடுவதை நாகரிகமாகக் கருதுவதில்லை. கியோத்தோவின் நிஷிகி சந்தையில் வாங்கிய இடத்திலேயே நின்று சாப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறார்கள். குப்பைத்தொட்டிகள் அங்கு அரிது என்பதால், வெறும் குச்சியையும் காகிதத்தையும் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம் அல்லது பையில் வைத்து விடுதிக்குக் கொண்டுசெல்லலாம். அன்பளிப்புப் பணம் வைக்கும் வழக்கமும் ஜப்பானில் இல்லை. சிங்கப்பூர், தைப்பே ஆகிய நகரங்களின் மெட்ரோ ரயில்களில் தண்ணீர் குடிப்பதும் விதிமீறல். சந்தையில் வாங்கியதை நிலையத்துக்குள் நுழையும்முன் முடித்துவிட வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, சிறு தொகை நோட்டுகளையும் நாணயங்களையும் எப்போதும் வைத்திருங்கள். பல கடைகளில் அலைபேசிவழிப் பணம் செலுத்தும் குறியீடு ஒட்டப்பட்டிருந்தாலும், அது உள்ளூர் வங்கிக் கணக்குடன் மட்டுமே இயங்குவதாக இருக்கலாம்.

சைவ உணவு உண்பவர்களுக்கு

தமிழ்ப் பயணிகளில் கணிசமானவர்கள் சைவ உணவு உண்பவர்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொல்வது இந்த நாடுகளில் போதாது. காய்கறிகளை மட்டும் வதக்கிய தட்டிலும் தாய்லாந்தில் மீன் சாறு இருக்கும், மலேசியாவில் இறால் விழுதான பெலாச்சான் இருக்கும். ஜப்பானில் சூப்பும் குழம்பும் உலர்ந்த சூரை மீன் சீவலில் இறக்கிய தாஷி சாற்றின்மேல்தான் பெரும்பாலும் நிற்கின்றன. கடைக்காரர் ஏமாற்றுவதில்லை, அவருடைய கணக்கில் அது இறைச்சியில் சேராது. ஆகவே பௌத்த மரபுச் சைவ உணவைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல்லைப் பயன்படுத்துவதே வழி. தாய்லாந்தில் அது ‘ஜே’. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தால் எழுதி அத்தகைய கடைகள் அடையாளம் காட்டுகின்றன. அந்த உணவில் இறைச்சி, மீன் ஆகியவற்றுடன் முட்டை, பால், பூண்டு, வெங்காயம் ஆகியவையும் விலக்கப்படும். ஆண்டுதோறும் செப்டம்பர் அல்லது அக்டோபரில் ஒன்பது நாட்கள் நடக்கும் சைவ உணவுத் திருவிழாவின்போது பாங்காக்கின் சைனாடவுன் முழுவதும் இந்த மஞ்சள் கொடிகளால் நிறைந்திருக்கும். சைவர்களுக்கு அதைவிட உகந்த காலம் வேறில்லை. வியட்நாமில் ‘சாய்’ என்பது சொல். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மக்களில் பலர் சைவம் உண்பதால், அந்த நாட்களில் சைவ உணவு கூடுதலாகக் கிடைக்கும். தைவானிலும் ஹாங்காங்கிலும் சைவம் என்று பொருள்படும் ‘சு’ (素) என்ற சீன எழுத்தைப் பெயர்ப்பலகையில் தேடுங்கள். தைவானில் முட்டையும் பாலும் சேர்த்த வகைகளும் அப்பெயரில் விற்கப்படுகின்றன என்பதால், முட்டை உண்ணாதவர்கள் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேர்க்கடலை, இறால் போன்றவற்றால் ஒவ்வாமை உடையவர்கள் வாய்மொழியை நம்பாமல், அந்நாட்டு மொழியில் தெளிவாக எழுதிய அட்டை ஒன்றைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். சிங்கப்பூரின் தேக்காவிலும் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவிலும் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு; அங்கு ஆங்கிலத்தில் தொடங்குவதற்குமுன் ஒருமுறை தமிழில் பேசிப் பாருங்கள்.

வயிறும் வெயிலும்

தெருவோர உணவு என்றாலே நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. கண்முன்னே கொதிப்பதும் பொரிவதும் பெரும்பாலும் பாதுகாப்பானவை. முன்பே சமைத்து ஆறிப்போய்த் தட்டில் திறந்து கிடப்பவைதான் ஆபத்தானவை, அவை உயர்ந்த விடுதியின் விருந்து மேசையில் இருந்தாலும் சரி. நறுக்கி வைத்த பழத்தைவிட நாமே உரித்து உண்ணும் பழம் நல்லது. சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாங்காக்கிலும் ஹனோயிலும் புட்டித் தண்ணீரையே குடிக்க வேண்டும். பயணத்தின் முதல் நாளில் காரத்தையும் புதிய இறைச்சி வகைகளையும் குறைத்துக்கொண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சிலவற்றை உடன் வைத்திருங்கள். வயிற்றுப்போக்குடன் காய்ச்சலோ இரத்தமோ காணப்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரை நாட வேண்டும்.

தென்கிழக்கு ஆசியாவில் காலை பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரை வெட்டவெளியில் நடப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அருங்காட்சியகத்துக்கோ குட்டித் தூக்கத்துக்கோ உரிய நேரம் அது. முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால், கழிப்பறையும் நாற்காலியும் நிழலும் ஒருசேர இருக்கும் உணவங்காடியையோ கூரையுள்ள சந்தையையோ மையமாக வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் போடப்பட்ட குட்டைப் பிளாஸ்டிக் முக்காலிகளில் முழங்கால் வலியுள்ளவர்கள் உட்கார்ந்து எழுவது கடினம்.

ஒரு மாலை, முழுமையாக

மேலே சொன்னவற்றையெல்லாம் பாங்காக்கின் ஒரு மாலையில் பொருத்திக் காட்டுகிறேன். உணவு: சைனாடவுனில் உள்ள யாவராத் சாலையின் இரவுக் கடைகள், அவை மாலை ஆறு மணிக்குமேல் விரிகின்றன, திங்கட்கிழமை தவிர்த்த நாள் ஏற்றது. பார்க்கும் இடங்கள்: ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்கும் வாட் அருண், வாட் போ ஆகிய கோயில்கள். இங்கு நான் வகுத்த இருபது நிமிட நடை என்ற விதியை மெட்ரோ ரயிலுக்காகச் சற்றுத் தளர்த்துகிறேன்.

பிற்பகல் மூன்று மணியளவில் சாவ் பிரயா ஆற்றின் விரைவுப் படகில் தா தியென் துறையில் இறங்குங்கள். அரண்மனைப் பகுதியில் யாரேனும் அணுகி, “இன்று கோயில் மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்” என்று டுக்-டுக் வண்டிக்கு அழைத்தால், நன்றி சொல்லிவிட்டு வாசல்வரை நீங்களே நடந்து சென்று பாருங்கள். நெடுங்காலமாக அங்கு நடந்துவரும் ஏமாற்று இது. கடத்துப் படகில் அக்கரை சென்று, பீங்கான் சில்லுகள் பதித்த வாட் அருண் கோபுரத்தை முதலில் பார்த்துவிடுங்கள். அது மாலை ஆறு மணிக்கு மூடப்படும். நான்கரைக்குள் இக்கரை திரும்பி வாட் போவுக்குள் நுழைந்தால், 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் உடைய சயன புத்தரைக் கூட்டம் குறைந்த நேரத்தில் காணலாம். முகத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் பாதங்கள் வரை நடந்து செல்லுங்கள். முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள் உள்ளங்கால்களில் இருக்கின்றன. சூரியன் மறையும் வேளையில் தா தியென் கரையில் நின்றால், வாட் அருணின் பின்னால் வானம் நிறம் மாறுவதைப் பார்க்கலாம்.

பின்னர் சனாம் சாய் மெட்ரோ நிலையத்துக்கு நடந்து சென்று ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் வாட் மங்கோன். அங்கிருந்து யாவராத் சில நிமிட நடை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறும் கையுடன் நடந்து பார்த்துவிட்டு, மறுபக்கமாகத் திரும்பி வரும்போது வாங்கத் தொடங்குங்கள். மிளகு மணக்கும் சுருள் நூடுல்ஸ் சூப்பையோ, சைவர்களானால் மஞ்சள் கொடி கட்டிய கடையின் உணவையோ முதலில் சாப்பிட்டுவிட்டு, வறுத்த கஷ்கொட்டையையும் மாதுளைச் சாற்றையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ நள்ளிரவுவாக்கில் நின்றுவிடும் என்பதால், பதினொரு மணிக்கு நிலையத்தை நோக்கித் திரும்பி நடந்தால் விடுதிக்கு வண்டி பேரம் பேசும் தேவை இருக்காது.